பெலிக்ஸ் தெரேல் சரிதம்

புதுவை நாட்டின் கொம்யூன்களுள் வில்லியனூரும் பாகூரும் ஏரி நீரால் வளம் பெற்று நெல்விளைவாற் சிறந்தவை. அவற்றுள் பாகூர் நெல்லுக்கேயன்றிக் கல்விக்கும் பழம்பெயர் பெற்ற ஊராகும். பல்லவ மன்னனாகிய நிருபதுங்கவர்மன் 9-ஆம் நூற்றாண்டில் அவ்வூர் வித்யாஸ்தானத்திற்கு மூன்று ஊர்களைத் தானமாக அளித்த செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் இன்றும் கூறிநிற்கின்றன. கற்போரும் கற்பிப்போரும் வயிற்றுக்கவலையின்றி இருத்தல் வேண்டுமென்று கருதிய நாட்டில் பிறந்த நாம், அத்தகைய ஆதரவு எதுவுமின்றிக் கல்லூரியின் படியையும் மிதியாது ஒரு பெரும் விஞ்ஞானத்திற்கு அடிகோலிய ஒருவருடைய சரிதத்தை அறிதல் பயனுடையதாகும். அவர்தாம் பெலிக்ஸ் தெரேல் என்னும் பிரெஞ்சுக்காரர்.

இக்காலத்தில் பிறவிநோய்கள் சிலவற்றைத் தீர்ப்பதற்கு வைத்தியர்கள் வைரஸ்களையே வாகனமாகக் கொள்கின்றனர். நோயாளியின் உயிரணுக்களில் குறைபட்டுள்ள மரபணுவுக்கு ஈடாக நல்ல மரபணு ஒன்றை அவ்வைரஸினுள் வைத்து அனுப்புவர். அவ்வாகனம் உயிரணுவின் கதவை எங்ஙனம் கண்டுபிடிக்கின்றது, எங்ஙனம் உள்ளே புகுகின்றது என்பனவே அம்மருத்துவத்தின் முதற் கேள்விகள். அக்கேள்வியை முதன்முதல் ஆராய்ச்சிக் குழாயில் இட்டுச் சோதித்தவர்களுள் தலையாயவர் தெரேல்.

இவர் 1873-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25-ஆம் நாள் பிறந்தனர். தாம் கனடா தேசத்து மாண்ட்ரியால் நகரிற் பிறந்ததாகவே இவர் சொல்லிவந்தார். ஆயினும் பிறப்பிடம் பாரிஸ் நகரமே என்று பிற்கால ஆராய்ச்சியாளர் பதிவுகளைக் கண்டு தெளிந்துள்ளனர். பட்டம் எதுவும் பெறாத இவர் நுண்ணுயிர்ச் சாஸ்திரத்தைப் புத்தகங்களைக் கொண்டும் வீட்டில் தாமே அமைத்த சிறு ஆய்வுச்சாலையைக் கொண்டும் கற்றார். கனடாவில் சாக்லேட் தொழிலொன்றில் முதலிட்டுப் பொருளை இழந்தார். பின்னர் 1901-இல் மனைவி மக்களுடன் மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவுக்குச் சென்று, ஆங்கே வைத்தியசாலையில் நுண்ணுயிர் ஆராய்ச்சியாளராக அமர்ந்தார். வாழைப்பழத்தைப் புளிக்கவைத்துச் சாராயம் இறக்கும் வழியைக் காணுமாறும் அவ்வரசாங்கம் அவரை ஏவிற்று. அப்பால் மெக்சிகோ சென்று கற்றாழை நாரின் கழிவிலிருந்து சாராயம் எடுக்கும் வேலையில் ஈடுபட்டார். இவை விஞ்ஞானிக்கு ஏற்ற பணிகளா என்று நாம் நகைக்கலாம். ஆனால் நுண்ணுயிர்களை வளர்க்கும் கைப்பழக்கம் அவருக்கு இவற்றாலேயே வாய்த்தது.

மெக்சிகோவில் வெட்டுக்கிளிக் கூட்டங்கள் ஒருவகைப் பேதியால் மடிவதை அவர் கண்டார். அந்நோய்க்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தார். பயிரழிக்கும் வெட்டுக்கிளியை அதன் நோயைக் கொண்டே அழிக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. அர்ஜென்டைனா முதலிய தேசங்களில் அதனைச் செய்தும் பார்த்தார். அவ்வேலையினிடையே, பாக்டீரியா படர்ந்து மங்கலாயிருந்த தட்டுகளில் சிற்சில இடங்கள் மட்டும் வட்டமாகத் தெளிந்திருப்பதை அவர் கவனித்தார். பிறர் பழுதென்று எறிந்திருக்கக்கூடிய அத்தட்டுகள் அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

1911-இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் ஊதியமில்லா உதவியாளராகச் சேர்ந்தார். முதலாம் உலகயுத்தம் மூண்டபின், 1915-இல் பாரிஸுக்கு அருகிலுள்ள மெஸோன் லாபித் என்னும் ஊரில் தங்கியிருந்த குதிரைப்படையினரிடையே சீதபேதி பரவிற்று. அந்நோய்க் காரணத்தை ஆராய்ந்த தெரேல், நோயாளிகளின் மலத்தை நீரிற் கரைத்து, பாக்டீரியாவும் புகமுடியாத நுண்ணிய பீங்கான் வடிகட்டியின் வழியாக வடித்தெடுத்தார். அந்நீரைச் சீதபேதிப் பாக்டீரியா செழித்திருந்த குழாயில் விட, மங்கலாயிருந்த குழம்பு ஓரிரவிற்குள் தெளிந்தது. பாக்டீரியாக்கள் நீரிலிட்ட சர்க்கரைபோற் கரைந்தொழிந்தன. தெளிந்த நீரில் ஒரு துளியை வேறு குழாயில் விட அதுவும் தெளிந்தது. துளியிலிருந்து துளியாக எத்தனை முறை மாற்றினும் அதன் ஆற்றல் குறையவில்லை. வெறும் நஞ்சாயின் கலக்குந்தோறும் நீர்த்துக் குறைய வேண்டும். குறையாது பெருகுவது உயிர்போல் இனம்பெருக்கும் பொருளாகவே இருத்தல் வேண்டும் என்று அவர் துணிந்தார். 1917-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் முன் இச்செய்தி வெளியிடப்பட்டது. பாக்டீரியாவை உண்பது என்னும் பொருள்பட அதற்குப் பாக்டீரியோபேஜ் என்று பெயரிட்டார். சுருக்கமாகப் பேஜ் என்பர்.

இங்கிலாந்தில் ட்வார்ட் என்பவர் 1915-இலேயே இதனையொத்த நிகழ்ச்சியை எழுதியிருந்தார். முதற் பெருமை யாருடையது என்பது பற்றி நெடுங்காலம் வழக்கு நடந்தது. அன்றியும், நோபல் பரிசு பெற்ற போர்டே முதலியோர், இஃது உயிர்ப்பொருளன்று, பாக்டீரியா தானே சுரக்கும் ஒருவகைப் பொருளே என்று வாதித்தனர். தெரேல் எதிரிகளிடம் பணிந்து பேசும் இயல்பினர் அல்லர். தம் கருத்தை மறுத்தோரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். இக்குணம் அவருக்குப் பகைவரைப் பெருக்கியது. ஆயினும் அவர் சொல்லினும் அவர் சோதனைகள் வன்மையுடையனவாயிருந்தன.

அச்சோதனைகளுள் ஒன்றை ஈண்டு விளக்குவாம். பேஜையும் சீதபேதிப் பாக்டீரியாவையும் ஒரு குழாயிற் கலந்து சிறிதுநேரம் வைத்தபின், அக்குழாயை எந்திரத்திலிட்டு மிகு வேகமாகச் சுழற்றினார். பளுவுள்ள பாக்டீரியாக்கள் அடியிற் படிந்தன. மேலே நின்ற தெளிந்த நீரைச் சோதித்தபோது அதிலிருந்த பேஜ் மறைந்திருந்தது. அது பாக்டீரியாக்களோடு ஒட்டிக்கொண்டு அடிக்குச் சென்றுவிட்டது. பின்னர், அந்தப் பேஜினால் அழியாத வேறு பாக்டீரியாவைக் கலந்து அவ்வாறே சுழற்றினார். இம்முறை பாக்டீரியாக்கள் மட்டும் அடியிற் படிந்தன. பேஜ் மேல்நீரிலேயே நின்றுவிட்டது. இதனால் இரண்டு உண்மைகள் பெறப்பட்டன. வைரஸ் ஓர் உயிரணுவை வெல்வதற்கு முதற்படி அதன் புறத்தே ஒட்டுதல் என்பது ஒன்று. எல்லா உயிரணுவிலும் அஃது ஒட்டாது, தனக்கு இயைந்த அணுவில் மட்டுமே ஒட்டும் என்பது மற்றொன்று. ஒட்டியபின் உட்புகுதலும், உள்ளே பெருகுதலும், அணுவை உடைத்து வெளிப்படுதலும் முறையே நிகழ்வன என்று அவர் எழுதினார். இன்றைய வைரஸ் நூல்களும் இவ்வரிசையையே பின்பற்றுகின்றன.

தெரேலின் நோக்கமெல்லாம் நோய் தீர்ப்பதிலேயே இருந்தது. 1919-இல் பாரிஸ் நகரத்துக் குழந்தைகள் வைத்தியசாலையில், தாமும் உடனிருந்த வைத்தியர்களும் முதலில் பேஜைக் குடித்துத் தீங்கில்லையெனக் கண்டபின், கடுஞ்சீதபேதியால் வருந்திய 12 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அதனைக் கொடுத்தார். சிறுவன் விரைவில் தேறினான். அடுத்த ஆண்டு இந்தோசீனாவிலுள்ள சைகோன் நகருக்குச் சென்று, ஆங்குள்ள பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். புதுவையிலிருந்து உத்தியோகத்தின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் நம்மவர் பலர் குடியேறி வாழ்ந்த சைகோன் அதுவே. 1925-இல் எகிப்து தேசத்தில் கப்பலில் வந்த கொள்ளைநோயாளர் நால்வருக்குப் பேஜைச் செலுத்த, நால்வரும் பிழைத்தனர். அவ்வாண்டிலேயே நுண்ணுயிர்ச் சாஸ்திரத்தில் அரிய கௌரவமாகிய லேவன்ஹூக் பதக்கமும் அவரை வந்தடைந்தது.

கொள்ளைநோய் தீர்ந்த செய்தி இந்திய அரசாங்கத்தின் கவனத்தை இழுத்தது. அவர்கள் அழைப்பை ஏற்று வந்த தெரேல், 1927-இல் பஞ்சாப் நாட்டில் வாந்திபேதியை எதிர்த்துப் போர் தொடுத்தார். பேஜ் உண்ட நோயாளரில் 100-க்குச் சுமார் 7 பேரும், உண்ணாதவரில் 100-க்கு 60-க்கு மேற்பட்டோரும் இறந்ததாக அவர் கணக்குக் காட்டினார். நோய் தோன்றிய கிராமங்களின் கிணறுகளிலும் பேஜைக் கலந்தார். அவ்வூர்களில் நோய் விரைவில் அடங்கிற்று என்பது அவர் கூற்று. வாந்திபேதி வந்த வீட்டில் காலையில் இருந்தவர் மாலையில் இல்லை என்னும் நிலையைக் கண்ட தலைமுறையினர்க்கு இச்செய்தி எத்தகைய நம்பிக்கையை ஊட்டியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ! அவருக்குப்பின் அஸ்ஸாமிலும் பீகாரிலும் அம்முயற்சி சில ஆண்டுகள் தொடர்ந்து நடந்தது.

எனினும் நடுநிலை பிறழாது இதனை ஆராய்தல் வேண்டும். மருந்து உண்டவரும் உண்ணாதவரும் மற்றெல்லா வகையிலும் ஒத்தவராயிருந்தாலன்றி அக்கணக்கு உறுதியாகாது. தானே தணியும் காலத்தில் தணிந்த நோயையும் மருந்தின் வெற்றியென்று மயங்குதல் கூடும். மேலும் பேஜ் தனக்கு இயைந்த பாக்டீரியாவையே பற்றும் என்பது தெரேலே கண்ட உண்மையாதலின், பொருந்தாத பேஜைக் கொடுத்த இடங்களில் பயன் விளையவில்லை. 1934-இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பொருட்டு எழுதப்பட்ட மதிப்புரை, பேஜ் சிகிச்சைக்குரிய சான்றுகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று முரணுகின்றன என்று கூறிற்று. பென்சிலின் முதலிய மருந்துகள் வந்தபின் மேல்நாடுகள் அச்சிகிச்சையைக் கைவிட்டன.

1928 முதல் 1933 வரை அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த தெரேல், பின்னர் தம் நண்பர் எலியாவா என்பவரின் அழைப்பின்பேரில் சோவியத் நாட்டு ஜார்ஜியாவுக்குச் சென்றார். திபிலிசி நகரில் பேஜ் ஆராய்ச்சிக்கென நிலையம் ஒன்று உருவாயிற்று. அவ்வரசின்மீது கொண்ட பற்றினால் தாம் எழுதிய நூலொன்றை ஸ்டாலினுக்கே அர்ப்பணம் செய்தார். ஆனால் 1937-இல் அதே அரசு எலியாவாவைச் சிறைப்படுத்திக் கொன்றது. தெரேல் மீண்டும் அந்நாட்டுக்குச் செல்லவில்லை. நண்பரை இழந்த அவர்க்கு அவ்வர்ப்பணம் எத்தகைய நினைவாக நின்றிருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். எலியாவா பெயரைத் தாங்கிய அந்நிலையம் இன்றும் பேஜ் சிகிச்சையை நடத்தி வருகின்றது.

இரண்டாம் உலகயுத்தத்தில் ஜெர்மானியர் பிரான்ஸைக் கைக்கொண்டபோது தெரேல் வீஷி நகரிற் காவலில் வைக்கப்பட்டார். அக்காலத்தைத் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதுவதிற் கழித்தார். பன்முறை நோபல் பரிசுக்கு மொழியப்பட்டும் அப்பரிசு அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எலக்ட்ரான் நுண்காட்டியின் உதவியாற் பேஜ் கண்ணுக்குப் புலனாயிற்று. தலையும் வாலுமாக அது பாக்டீரியாவின் புறத்தே ஒட்டிநிற்கும் படங்கள் வெளிவந்தன. நெடுநாள் வழக்கு அவர் உயிரோடிருக்கும்போதே அவர் பக்கம் தீர்ந்தது. 1949-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 22-ஆம் நாள் பாரிஸ் நகரில் அவர் உயிர்நீத்தார்.

அவர் இறந்து 3 ஆண்டுகள் கழித்து, 1952-இல் ஹெர்ஷி, சேஸ் என்னும் இரு விஞ்ஞானிகள் பேஜின் புறத்தோடு பாக்டீரியாவின் வெளியிலேயே நிற்க, அதனுள்ளிருந்த டி.என்.ஏ. மட்டும் உட்செல்வதைச் சோதனையால் நிறுவினர். மரபுப் பண்பைச் சுமப்பது டி.என்.ஏ.வே என்பதற்கு அஃது உறுதியான சான்றாயிற்று. விதை நெல்லை வைக்கோலாற் சுற்றி விதைக்கோட்டையாகக் கட்டி வைப்பதை நம் உழவர் அறிவர். கோட்டை காவலுக்கே உரியது. முளைப்பது உள்ளிருக்கும் விதையே. வைரஸும் அத்தகையதே. அக்கோட்டையிலுள்ள கேடான விதையை நீக்கி நல்ல விதையை வைத்தால், அஃது எந்த வயலிற் புகுந்தாலும் நன்மையே முளைக்கும் அன்றோ? மரபணு மருத்துவத்தின் அடிப்படைக் கருத்து இவ்வளவே.

மனித உயிரணுவினுள் வைரஸ் புகும் முறை பேஜின் முறையினும் சிக்கலுடையது. வைரஸுக்குத் தானே நடக்கும் ஆற்றல் இல்லை. உடல்நீரில் மிதந்து சென்று உயிரணுவின்மேல் முட்டும். அணுவின் புறத்தோலில் பலவகைப் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை அணு தன் சொந்தக் காரியங்களுக்காக வைத்திருப்பன. பூட்டுக்குத் திறவுகோல் போலத் தன் புறத்தோட்டுக்குப் பொருந்தும் புரதத்தை வைரஸ் பற்றிக்கொள்ளும். சாதாரண ஜலதோஷம் உண்டாக்கும் அடினோவைரஸ் தன் முள்ளின் நுனியால் ஒரு புரதத்தைப் பற்றியபின், முள்ளின் அடியால் இன்டெக்ரின் என்னும் மற்றொன்றைப் பற்றும். அடினோவைரஸோடு சேர்ந்து வாழும் ஏ.ஏ.வி. என்னும் மிகச்சிறு வைரஸின் ஒரு வகை, முதலில் அணுவின் புறத்தேயுள்ள சர்க்கரைத் தொடர்களில் ஒட்டி, அப்பால் தனக்குரிய வாயிற் புரதத்தைச் சேரும்.

இவ்வாறு பற்றியவுடன் அணு ஏமாந்துபோகின்றது. உணவென்று கருதித் தன் தோலை உள்நோக்கி மடித்து, வைரஸை ஒரு சிறு பையிலிட்டு உள்ளே வாங்குகின்றது. அப்பை உள்ளே செல்லச் செல்ல அதனுட் புளிப்பு ஏறுகின்றது. அப்புளிப்பே வைரஸுக்கு அடையாளமாகின்றது. தோலுறை உடைய வைரஸ் தன் உறையைப் பையின் தோலோடு ஒன்றாக்கி வெளிப்படும். தோலுறை இல்லாதது பையின் சுவரைக் குலைத்து வெளிப்படும். வெளிப்படத் தவறியவை அங்கேயே செரித்துப்போம். தப்பியது அணுவினுள் இயங்கும் சரக்கு வண்டிகள் போன்ற புரதங்களின்மேல் ஏறி, மரபணுக்கள் வைக்கப்பெற்ற கருவின் வாயிலை அடையும். ஏ.ஏ.வி. சுமார் 25 நானோமீட்டர் அளவினதாதலின் கருவாயிலின் வழியே உள்ளே செல்ல வல்லது. பெரிதாகிய அடினோவைரஸ் வாயிலில் நின்று தோட்டை உடைத்து டி.என்.ஏ.வை மட்டும் உள்ளே விடும். எச்.ஐ.வி.யிலிருந்து நோய்க்கூறுகளை நீக்கிச் செய்யப்பட்ட லென்டிவைரஸ் தன் மரபணுவை மனிதனின் டி.என்.ஏ.வோடு இணைத்துவிடும். அதன் இயற்கையான உறையை அகற்றி, மாடு குதிரைகளுக்கு வாயிற் கொப்புளம் உண்டாக்கும் வைரஸொன்றின் உறைப்புரதத்தை அதற்குப் போர்த்துவது பெருவழக்கு. அப்புரதம், இரத்தத்திலுள்ள கொழுப்பை அணு உள்வாங்கும் வாயிலைப் பற்றவல்லது. அவ்வாயில் பலவகை அணுக்களிலும் உண்டு.

இம்மருத்துவமும் துன்பமின்றி வளரவில்லை. 1990-இல் அமெரிக்காவில் நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத 4 வயதுச் சிறுமிக்கு முதலில் இது செய்யப்பட்டது. 1999-இல் அந்நாட்டிலேயே ஈரல் நோயுள்ள 18 வயது இளைஞர் ஒருவர் அடினோவைரஸ் செலுத்தப்பட்டதால் உண்டான கடும் எதிர்விளைவால் இறந்தார். தெரேல் முதன்முதல் பேஜ் கொடுத்த குழந்தைகள் வைத்தியசாலை பின்னர் அடுத்திருந்த நெக்கர் வைத்தியசாலையோடு ஒன்றாயிற்று. அங்கேயே 1999 முதல் எதிர்ப்பாற்றலின்றிப் பிறந்த குழந்தைகள் சிலர்க்கு மரபணு மருத்துவம் செய்யப்பட்டுப் பெரும்பாலோர் நலம் பெற்றனர். ஆனால் சிலர்க்கு, புகுந்த மரபணு தகாத இடத்தில் இணைந்தமையால் இரத்தப் புற்றுநோய் தோன்றிற்று. ஒரு குழந்தை இறந்தது. உள்ளே புகுவதோடு காரியம் முடிவதில்லை, புகுந்தபின் அமரும் இடமும் அறியப்பட வேண்டும் என்பதை வைத்தியர் கண்ணீரோடு கற்றனர்.

அப்பாடங்களின் பயனை இன்று நம் நாடும் நுகர்கின்றது. 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், இரத்தம் உறையாமையாகிய ஹீமோபிலியா நோயுடைய ஐவருக்கு அவர்தம் மூல உயிரணுக்களையே வெளியில் எடுத்து, லென்டிவைரஸின் வழியாக உறைதற்குரிய மரபணுவைப் புகுத்தி, மீண்டும் உடலிற் செலுத்தினர். அதன்பின் ஐவருக்கும் இரத்தக்கசிவு நேரவில்லை என்ற முடிவு 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வெளியாயிற்று. சிறு காயத்திற்கும் மூட்டு வீக்கத்திற்கும் அஞ்சி வாழ்ந்தோர்க்கு இதனினும் பெரிய விடுதலை யாது?

மாணவ நண்பர்களே, தெரேலின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு உள. பிறர் பழுதென்று எறியும் தட்டில் ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்கும் குணம் ஒன்று. அதற்குப் பட்டமோ பெரும்பொருளோ வேண்டுவதில்லை. தாம் நம்பியதை உலகம் உடனே நம்பவில்லையே என்று சினவாது, ஐயத்திற்கு இடமில்லாதபடி நிறுவிக்காட்டும் பொறுமை மற்றொன்று. முன்னதில் அவர் நமக்கு ஆசிரியர். பின்னதில் அவர் குறையே நமக்கு ஆசிரியர். பஞ்சாப் கிணறுகளில் அவர் கலந்த மருந்து உண்மையில் எத்தனை உயிரைக் காத்தது என்பது இன்றளவும் உறுதியாகத் தெளியவில்லை. ஆனால் சுழலும் குழாயில் அவர் கண்ட ஒட்டுதல் என்னும் சிறு உண்மை எவராலும் மறுக்கப்படாமல் நின்று, வேலூரில் ஐவரின் உயிரணுக்களைத் திறந்த முறைக்கும் முதற்படியாயிற்று.